படை: படுவான்கரையில் ஒரு சொல்லின் வாழ்வு

மண்டூர் முருகன் கோயிலைச் 'சின்னக் கதிர்காமம்' என்று சொல்லாதவர்கள் கிழக்கிலங்கையில் குறைவு. அந்தக் கோயிலுக்கு இன்னொரு பட்டமும் உண்டு: திருப்படைக் கோயில். வடக்கே வெருகலில் தொடங்கி சித்தாண்டி, கொக்கட்டிச்சோலை, கோயில்போரதீவு, மண்டூர், திருக்கோவில் என்று வந்து தெற்கே காட்டோரத்தில் உகந்தையில் முடிகிறது இந்தத் திருப்படைக் கோயில்களின் வரிசை. மட்டக்களப்புத் தேசத்துக்கு வெளியே இந்த வகைப்பெயரைக் காண்பது அரிது.

படை என்பது தமிழில் மிகப் பழகிய போர்ச்சொல். நாளிதழைத் திறந்தால் பாதுகாப்புப் படை, கடற்படை, விமானப்படை, அதிரடிப்படை. ஆயுதம் ஏந்திய மனிதர்களைப் பல பத்தாண்டுகள் வாசலில் கண்ட ஊர்களில் மண்டூரும் ஒன்று. அந்த ஊரின் பேச்சில் படை என்ற சொல் எங்கே இருந்தது, எங்கே இல்லாமல் போனது என்று பார்த்தால், அகராதி சொல்லாத ஒரு வரலாறு கிடைக்கிறது.

முதலில் அகராதி சொல்வதைப் பார்த்துவிடலாம். படை என்றால் சேனை, ஆயுதம், பொதுவாக எந்தக் கருவியும். உழுபடை என்றால் கலப்பை. குதிரையின் சேணத்துக்கும் படுக்கைக்கும் படை என்று பெயர் இருந்தது. சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கல்வரிசையும் மண்ணடுக்கும் படைதான். தோலில் பரவும் நோய் ஒன்றும் படை. வினையாக்கினால் பொருள் இன்னும் விரியும்: உலகைப் படைத்தல், தெய்வத்துக்குச் சோறு படைத்தல், எழுத்தில் ஒன்றைப் படைத்தல். தொடர்பற்றவை போல் தெரியும் இப்பொருள்களை 'படு' என்ற வினைக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு முகச்சாயல் தெரிகிறது. கிடத்துவது, பரப்புவது, அடுக்குவது. இலையில் பரப்பினால் படையல், தரையில் விரித்தால் படுக்கை, களத்தில் நிறுத்தினால் சேனை. சூரியன் படுகிற கரை என்பதால் படுவான்கரை என்று பெயர்பெற்ற, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில்தான் மண்டூர் இருக்கிறது. எதிரே கடற்கரைப் பக்கம் எழுவான்கரை. இரண்டு கரைக்கும் நடுவில், குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்கு ஓடும் 'பாதை'. வாகனத்தையும் ஆளையும் ஏற்றிக் கடக்கும் மிதவைக்குக் கிழக்கிலங்கையில் அதுதான் பெயர்.

பழைய தமிழ் படையைக் கூர்மையாக வகைப்படுத்தியிருந்தது. தேர், யானை, குதிரை, காலாள் என்று நாற்படை. எதன்மேல் ஏறிப் போரிடுகிறான் என்பது அளவுகோல். இன்று நாம் சொல்லும் முப்படையில் நிலம், நீர், வானம் என்று போரிடும் இடமே அளவுகோலாகிவிட்டது. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு பகுப்பு. திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்துக்கு உரை சொல்லும் பரிமேலழகர் மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என்று ஆறு வகை சொல்கிறார். ஒருவன் எதனால் கட்டுண்டு அரசனுக்காக ஆயுதம் எடுக்கிறான் என்பதே இங்கே கணக்கு. பரம்பரை உறவா, சம்பளமா, ஊர்ப்பற்றா, நட்பா, அல்லது நேற்றுவரை எதிரியிடம் இருந்தவனா? தலைமுறை தலைமுறையாக வந்த மூலப்படைக்கே அந்த வரிசையில் முதலிடம்.

இந்த ஆறில் இரண்டு இன்றைய நாளிதழ்களில் உயிரோடு இருக்கின்றன, ஆனால் உருமாறி. தமிழ்நாட்டில் கூலிப்படை என்றால் பணத்துக்குக் கொலை செய்யும் நான்கைந்து பேர். பரிமேலழகர் சொன்னதோ வெளிப்படையாகச் சம்பளம் வாங்கிய முறையான சேனை. துணைப்படை அவர் காலத்தில் நட்பரசன் அனுப்பிய சேனை. இன்றோ தமிழ்நாட்டில் துணை இராணுவப் படை என்பது மத்திய அரசின் ஆயுதக் காவல். இலங்கைத் தமிழ்ச் செய்தியில் துணை இராணுவக் குழு என்றால் அரசோடு சேர்ந்து இயங்கிய ஆயுதக் குழு. சொல் ஒன்று, பாக்கு நீரிணையைக் கடந்தால் அச்சம் வேறு. மூலப்படை என்ற சொல்லோ வழக்கிலிருந்தே போய்விட்டது. அந்த உறவு போனதும் சொல்லும் போயிற்று என்றே நினைக்கிறேன்.

இனி மண்டூருக்கு வரலாம். திருப்படை என்ற பெயருக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. முதலாவது நேரானது. படை என்றால் ஆயுதம். முருகனின் ஆயுதம் வேல். வேலை மூலமாக வைத்து வழிபட்ட இடங்கள் திருப்படைக் கோயில்கள். மண்டூரின் ஐதிகம் இதற்கு இசைவானது. சூரனை அழித்த வேலிலிருந்து பிறந்த ஒளிகள் உகந்தை மலையிலும், திருக்கோவில் அமைந்த நாகர்முனையிலும், மண்டூரில் ஒரு தில்லை மரத்திலும் தங்கின என்பார்கள். வேடர்கள் கண்டு கொத்துப்பந்தலிட்டு வழிபட்டார்களாம். தில்லை மரத்தின் நினைவால் ஊர் தில்லை மண்டூரும் ஆயிற்று. பூசை ஆகம முறையில் நடப்பதில்லை. கதிர்காமத்தைப் போலத் திரைக்குப் பின்னால், வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, கப்புகனார் எனப்படும் பூசகர் மந்திரமின்றிப் பூசை செய்கிறார்.

இரண்டாவது விளக்கம் அரசியல் சார்ந்தது. பண்டைய அரசர்களின் மதிப்பும் மானியமும் சீர்வரிசையும் பெற்றவை எவையோ அவையே திருப்படைக் கோயில்கள். அதாவது தேசத்துக் கோயில்கள். ஒரு ஊருக்கோ ஒரு குடிக்கோ மட்டும் சொந்தமில்லாதவை.

முதல் விளக்கத்துக்கு ஒரு தடை இருக்கிறது. வரிசையில் உள்ள கொக்கட்டிச்சோலை, முருகன் கோயில் அல்ல; தான்தோன்றீஸ்வரர் ஆலயம், சிவன் கோயில். வேலை வைத்து மட்டும் பெயரை விளக்கினால் அது வெளியே நின்றுவிடும். மானியத்தை வைத்து விளக்கினால் ஏழும் உள்ளே வரும். ஆனால் மானியத்துக்கும் படை என்ற சொல்லுக்கும் என்ன உறவு? படைத்தல் என்பதன் பழைய பொருளை இங்கே கொண்டுவரத் தோன்றுகிறது. தெய்வத்துக்கு முன் பரப்பி வைக்கப்பட்டது படையல். கோயிலுக்கு அரசன் எடுத்து வைத்த வயலும் பொருளும் ஒருவகையில் படையலே. இதை என் ஊகமாகத்தான் வைக்கிறேன். ஏழில் பெரும்பாலானவை வேற்கோயில்களாக இருக்கும்போது ஆயுதப் பொருளைத் தள்ளிவிடவும் முடியாது. வேலுக்கு ஏற்பட்ட பெயர் பிறகு அந்தஸ்தின் பெயராகி, அதே அந்தஸ்துள்ள சிவன் கோயிலுக்கும் நீண்டது என்று கொண்டால் இரண்டு விளக்கமும் முட்டிக்கொள்ளாமல் நிற்கின்றன.

இதைப் பற்றி எழுதும் எவரும் ஒருவரைத் தாண்டிப் போக முடியாது. பண்டிதர் வி.சீ. கந்தையா மண்டூர்க்காரர். அவருடைய 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964 இல் வெளிவந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு எப்.எக்ஸ்.சி. நடராசா 'மட்டக்களப்பு மான்மியத்தை' அச்சேற்றியிருந்தார். ஏட்டிலும் வாய்மொழியிலும் கிடந்த ஒரு தேசத்தின் வழக்குகள் அச்சுக்கு வந்தது அந்த நாட்களில்தான். துவக்கும் வெடியும் ஊருக்குள் வருமுன் இவர்கள் எழுதிவைத்தது நமக்கு எவ்வளவு பெரிய பேறு என்பதை அடுத்த முப்பது ஆண்டுகள் காட்டின.

மான்மியம் 1215 இல் பெரும் சேனையோடு இலங்கைக்கு வந்த கலிங்க மாகனை மாகோன் என்று நினைவுகூர்ந்து, கோயில் உரிமைகளையும் குடிகளின் ஒழுங்கையும் வகுத்தவனாக அவனைக் காட்டுகிறது. பாலி, சிங்கள நூல்களுக்கு அவன் விகாரைகளை இடித்த கொடியவன். மட்டக்களப்புக்கு அவன் முறை வகுத்தவன். படையோடு வந்த ஒருவன் கோயில் முறையின் தந்தையாக நினைவில் நின்றுவிட்டான். தாய்வழியில் இறங்கிவரும் மட்டக்களப்புக் குடிகளின் வரிசையில் படையாட்சி குடி என்று ஒன்றும் உண்டு. பெயரைக் கேட்டால் போர்த்தொழில் கண்முன் வரும். ஆனால் ஊர் வழக்கில் அந்தப் பெயர் இரண்டு இடத்தில்தான் பயன்பட்டது: கலியாணம் பேசும்போது, கோயிலில் யாருக்கு என்ன முறை என்று தீர்க்கும்போது. ஒரே குடிக்குள் மணமில்லை. கோயில் வரிசையில் ஒவ்வொரு குடிக்கும் ஓர் இடம்.

சேனையிலிருந்து கோயிலுக்கு நகரும் இந்தப் போக்கு மட்டக்களப்பின் தனிப்போக்கு அன்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இராசராசனின் வேளைக்காரப் படைப்பிரிவுகள் கோயில் அறக்கட்டளைகளோடு சேர்த்துப் பேசப்படுகின்றன. பொலன்னறுவையில் இன்னும் வியப்பான சான்று இருக்கிறது. 55 ஆண்டுகள் ஆண்ட முதலாம் விசயபாகு 1110 இல் இறந்தபின், அங்கிருந்த தமிழ் வேளைக்காரர்கள் புத்தரின் பல்லை வைத்திருந்த ஆலயத்தைத் தங்கள் காவலில் ஏற்றுக்கொண்டு தமிழில் கல்வெட்டு வெட்டினார்கள். ஆலயத்துக்குத் தங்கள் பெயரையே சேர்த்து 'மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி' என்று பெயரிட்டார்கள். காவலுக்கு ஆள் வைத்து, நிலம் விட்டு, இதை மீறுகிறவன் தங்கள் சேனைக்கே துரோகி என்று சாபமும் எழுதினார்கள். சைவப் பின்னணி கொண்ட தமிழ்ச் சேனை சிங்கள அரசனின் பௌத்த ஆலயத்துக்குச் சத்தியம் செய்து கொடுத்த அந்தக் கல்லை, இந்தத் தீவின் இனவரலாற்றை ஒற்றை வரியில் சொல்லிவிட நினைக்கிறவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். வேளைக்காரர் என்ற பெயரிலேயே 'திரு' சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள். திருப்படை என்ற பெயரை நான் அந்தத் 'திரு'வின் பக்கத்தில் வைத்துத்தான் வாசிக்கிறேன்.

ஆறுபடை வீடு பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மண்டூரின் பட்டத்தை அதோடு குழப்புகிறவர்கள் உண்டு. படைவீடு என்றால் சேனை தங்கும் இடம். சூரனோடு போரிட முருகன் திருச்செந்தூரில் தங்கினான் என்ற கதைக்கு அது பொருந்தும். ஆனால் பழனிக்கும் சுவாமிமலைக்கும் போர்க்கதை இல்லை. நக்கீரரின் திருமுருகாற்றுப்படை சொல்லும் இடங்கள் என்பதால் வந்த 'ஆற்றுப்படை வீடு' என்ற பெயரே நாளடைவில் ஆறுபடை வீடானது என்பது அறிஞர் பலரின் கருத்து. ஆற்றுப்படையில் உள்ள படை சேனையும் அல்ல, ஆயுதமும் அல்ல, வழிப்படுத்துதல். மண்டூரின் திருப்படை வேறு வேரிலிருந்து வந்தது.

1980களுக்கு வருவோம். 1983 கலவரத்தை ஒட்டிப் பொலிஸின் கீழ் உருவான விசேட அதிரடிப்படை கிழக்கில் நிலைகொண்டது. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து இந்திய அமைதி காக்கும் படை வந்து 1990 மார்ச்சில் வெளியேறியது. எல்லைக் கிராமங்களில் ஊர்காவல் படை அமைக்கப்பட்டது. விடுதலைப் புலிகளும் தங்கள் பிரிவுகளுக்குப் படையணி என்று பெயரிட்டார்கள். மட்டக்களப்பு, அம்பாறைப் போராளிகளைக் கொண்டு 1993 இல் உருவான ஜெயந்தன் படையணி அவற்றில் ஒன்று. அரச பாடசாலைகளின் மாணவர் அமைப்புக்கும் அரசுத் தமிழில் மாணவர் படையணி என்றுதான் பெயர். எல்லாப் பக்கமும் எழுத்தில் படை.

பேச்சில்? இராணுவம் வந்தால் 'ஆமி'. இந்தியப் படை வந்தபோது 'இந்தியன் ஆமி'. அதன் பெயரில் இருந்த அமைதியும் படையும் இரண்டுமே பேச்சில் ஏறவில்லை. ஊர்காவல் படை 'கோம்காட்'. கடற்படை 'நேவி'. விமானப்படைக்குப் பொதுப்பெயரே இல்லை. வானூர்தியின் பெயர்தான்: 'ஹெலி', 'பொம்மர்', 'கிபிர்'. விடுதலை அமைப்புகள் 'இயக்கம்'. அதில் இருந்தவர்கள் 'பொடியன்மார்'. இவர்கள் எவரையும் ஊர் தன் வாயால் படை என்று அழைக்கவில்லை.

எளிதில் எழக்கூடிய மறுப்பு ஒன்று உண்டு. அரச நிறுவனங்களைப் பிறமொழிப் பெயரால் சொல்வது இலங்கைத் தமிழரின் பொதுப்பழக்கம்: பொலிஸ், கச்சேரி, ஏ.ஜி.ஏ. ஒப்பீஸ். ஆமியும் அந்த வரிசைதானே? ஆமிக்கு இந்த விளக்கம் போதும். இயக்கத்துக்குப் போதாது. இயக்கம் தமிழ்ச்சொல். அந்த அமைப்புகள் தங்களைப் படை, படையணி, படைத்துறை என்று இடையறாது எழுதிக்கொண்டிருந்தன. மேடையிலும் ஒலிபெருக்கியிலும் துண்டுப்பிரசுரத்திலும் அந்தச் சொல் வந்துகொண்டே இருந்தது. கையருகில் தமிழ்ச்சொல்லாகவே படை இருக்க, ஊர் இன்னொரு தமிழ்ச்சொல்லைத் தேர்ந்தது. கூடிக் கலந்து எடுத்த முடிவு அல்ல அது. பேச்சு அப்படித்தான் தீர்மானிக்கும். தன் பிள்ளையும் அயல்வீட்டுப் பிள்ளையும் அதில் இருந்தார்கள். பொடியன்மார் என்பதில் அந்த உறவு இருக்கிறது. கட்டாய ஆட்சேர்ப்பு வந்தபோது அதே வாய் 'பிள்ளைபிடி' என்றது. உறவையும் அந்த உறவு முறிந்ததையும் ஊர் தன் சொற்களாலேயே குறித்துவைத்தது.

ஒரே விதிவிலக்கு அதிரடிப்படை. 'எஸ்.டி.எஃப்.' என்ற சுருக்கத்தோடு இந்தப் பெயரும் பேச்சில் புழங்கியது. கவனித்தால், அங்கேயும் காதில் விழுவது முன்னால் நிற்கும் அதிரடிதான். படை அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறது. புதிய தமிழில் போர்ப்பொருளில் வரும் படை தனித்து நிற்பது குறைந்துவிட்டது. கடல், விமானம், அதிரடி, பறக்கும் என்று முன்னொட்டு ஒன்று வேண்டும். இல்லையேல் 'படைகள்' என்று பன்மையாக வேண்டும், அல்லது 'படையினர்' என்று ஆளாக வேண்டும்.

இந்தப் 'படையினர்' என்ற வடிவத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மட்டக்களப்புப் பேச்சில் 'ஆமி வாறான்' என்பார்கள். ஆயிரம் பேர் வந்தாலும் ஆண்பால் ஒருமை. நாளிதழிலோ 'படையினர் வந்தனர்' என்று பலர்பால். ஆமி வாறான் என்பதில் ஒரு ஆள் வருகிறான். அவனுக்கு முகம் உண்டு, கையில் துவக்கு உண்டு, அவன் எந்தப் பக்கமிருந்து வருகிறான் என்று பார்த்து எந்தப் பக்கம் ஓடுவது என்று தீர்மானிக்கலாம். 'றவுண்டப்', 'சென்றி', 'செல்லடி', 'பங்கர்' என்று அந்தக் காலத்தின் மற்றச் சொற்களும் இப்படிக் கையால் தொடக்கூடியவை. படையினர் என்பதில் யாருக்கும் முகமில்லை. 1991 ஜூன் 12 அன்று கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவுப் பகுதியில் கண்ணிவெடியில் இரண்டு சிப்பாய்கள் இறந்தபின் ஊர்மக்கள் கொல்லப்பட்டார்கள். விசாரித்த சனாதிபதி ஆணைக்குழு 67 பேர் கொல்லப்பட்டதாக ஏற்றுக்கொண்டது; ஊர் சொல்லும் எண்ணிக்கை அதைவிட மிக அதிகம். அந்த நிகழ்வை அரசுத் தமிழில் எழுதினால் 'படையினரின் நடவடிக்கை' என்று வரும். செய்தவன் யார் என்ற கேள்வியைப் பின்னுக்குத் தள்ளும் வசதி அந்த வடிவத்தில் இருக்கிறது. இது படை என்ற சொல்லின் குற்றமல்ல. 'பாதுகாப்புப் படையினர்' என்று எழுதிய அரச ஏடும் 'சிறிலங்காப் படையினர்' என்று எழுதிய மற்றத் தரப்பும் ஒரே அச்சில் வார்த்த வாக்கியங்களைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தன.

தாள்மொழிக்கும் வாய்மொழிக்கும் இடையே இந்த அளவு பிளவு எல்லாத் துறையிலும் இல்லை. வேளாண்மையில் இரண்டும் நெருக்கமாக வரும்; நெல்லைத் தாக்கும் பூச்சியை அறக்கொட்டியான் என்றே திணைக்களமும் எழுதுகிறது, வயற்காரரும் சொல்கிறார். போர்ச்சொல்லில்தான் ஊர் தன் சொல்லைக் கொடுக்கவில்லை, அரசின் சொல்லை வாங்கவுமில்லை. சோதனைச் சாவடியில் சிப்பாயை அழைக்கவும் தமிழ் உதவவில்லை; 'சேர்' அல்லது 'மாத்தயா' என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

2007 மார்ச்சில் படுவான்கரை மீது தாக்குதல் நடந்தபோது பெருந்தொகையானோர் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு ஓடினார்கள். அதுவரை அந்தப் பகுதிக்கு அரசு வைத்திருந்த பெயர் 'விடுவிக்கப்படாத பகுதி'. ஓடியவர்கள் அதைப் படுவான்கரை என்றுதான் சொன்னார்கள், திரும்பியபோதும் அதே பெயர்.

இவ்வளவுக்கும் நடுவில் படை தன் பழைய இடங்களில் இருந்தது. இறந்தவருக்குச் சோறு படைத்தார்கள். அம்மன் சடங்கில் மடை என்ற படையல் வைத்தார்கள். படையாட்சி குடி எது, அதற்குள் யார் யார் என்று கலியாணத்தின்போது கேட்டார்கள். மண்டூரின் ஆவணித் திருவிழாவில் ஆலாத்திப் பெண்கள் விளக்கேந்தினார்கள், பூரணையன்று தீர்த்தமாடினார்கள், திருப்படைக் கோயில் என்ற பட்டம் விழா அறிவித்தலில் அச்சானது. ஆயுதத்தின் பெயர் வேலுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருந்தது. மூலப்படை என்ற சொல்லை நாம் இழந்தோம் என்று மேலே எழுதினேன். சேனைக்கும் மண்ணுக்கும் தலைமுறை உறவு இருந்த ஒரு காலத்தின் எச்சம் மட்டக்களப்பில் ஒரு குடிப்பெயரிலும் ஒரு கோயில் வகையிலும் தங்கியிருக்கிறது. அந்த உறவைக் கோராத துவக்குக்காரர்களுக்கு அந்தப் பெயர் போகவில்லை.

க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இலங்கை வழக்குகளைத் தனிக்குறியிட்டுச் சேர்த்தது நல்ல தொடக்கம். படை என்ற பதிவின் கீழ் திருப்படை, படையாட்சி குடி என்ற உட்பதிவுகள் வர வேண்டும். ஆமி, இயக்கம், பொடியன்மார், கோம்காட், பிள்ளைபிடி, றவுண்டப் ஆகியவை தனிப்பதிவுகளாக வேண்டும். அவற்றோடு வரும் வினைமுற்று ஒருமையா பன்மையா, எந்த ஆண்டுகளில் எந்தக் கரையில் வழங்கின என்பதையும் குறிக்க வேண்டும். 1990இல் இருபது வயதாக இருந்த ஒருவருக்கு இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டது. போரதீவுப்பற்றிலும் மண்முனை தென்மேற்கிலும் அவர்கள் இருக்கிறார்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு போய் உட்கார ஒரு பல்கலைக்கழகத் துறையோ, ஒரு பாடசாலைத் தமிழ் மன்றமோ போதும்.